அருணகிரியை மலைக்குக் கூட்டிப் போனது

ஏற்காட்டுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். இத்தனைக்கும் மழை பெய்து வானம் கழுவி விட்டாற்போல இருக்கிற நாளில் எங்கள் மல்லசமுத்திரத்துக் காட்டில் நின்றால் அந்த மலை கண்ணுக்குத் தெரியும். என் மகன் ரெண்டு மூன்று தடவை கேட்டுவிட்டான், எல்லாரும் போகிறோமே, நீ மட்டும் ஏனப்பா வரமாட்டேன் என்கிறாய் என்று. வளைவில் தலை சுற்றும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எனக்குத் தலையெல்லாம் சுற்றாது. இருபது கொண்டை ஊசி வளைவையும் அம்பாசிடர் காரில் நானே ஓட்டி ஏற்றியவன். எதற்காக ஏற்றினேன் என்பதைத்தான் இத்தனை வருசமாக யாரிடமும் சொல்லவில்லை.

எண்பத்து மூன்றாம் வருசம், வைகாசி மாதம். அதற்கு முந்தின வருசமே மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் கிணறு எனக்கும் வெங்கடாசலம் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு, தாத்தா காலத்துப் பாகத்தில் வந்தது. ஏழு நாளில் அஞ்சு நாள் தண்ணீர் அவருக்கு, செவ்வாயும் சனியும் எங்களுக்கு. நிலம் அவருக்கு அதிகம், அதனால் அதில் அநியாயம் ஒன்றுமில்லை. கிணறு நிறைந்து கிடந்த காலத்தில் ரெண்டு நாள் தண்ணீரே எங்களுக்குத் தாராளம். அந்த வருசம் மோட்டார் போட்ட முக்கால் மணி நேரத்தில் கிணற்றில் சேறுதான் மிச்சம் இருக்கும். ரெண்டேகால் ஏக்கர் கரும்பு என் கண்ணெதிரிலேயே நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. தினமும் வரப்பில் நின்று பார்ப்பேன். பார்த்தால் பச்சையாகிவிடுமா என்ன.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை பெரியப்பா என்னைத் தேடிக்கொண்டு காட்டுக்கே வந்தார். அவர் சாதாரணமாக யாரையும் தேடிப் போகிறவர் அல்ல. மகள் சௌந்திரத்துக்கு மாப்பிள்ளை முடித்துவிட்டதாகச் சொன்னார். திருச்செங்கோட்டுப் பக்கம், போர் போடுகிற ரிக் வண்டி ரெண்டு வைத்திருக்கிற குடும்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்திலேயே பந்தல். சொந்தக்காரர்களுக்குச் சனிக்கிழமைதான் வாய்வார்த்தையாகச் சொல்லப்போகிறார். ஏன் இவ்வளவு ரகசியம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை.

அருணகிரிதான் காரணம். அவன் பெரியப்பாவின் கூடப்பிறந்த தங்கை மகன். சௌந்திரம் அவனுக்கு மாமன் மகள், உரிமைப்பெண். எங்கள் பக்கத்தில் உரிமைப்பெண்ணை வேறு இடத்தில் கொடுப்பதென்றால் முறைமாப்பிள்ளை கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்துச் சம்மதம் வாங்க வேண்டும். கல்யாணத்தை நடத்தி வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம், அவர் பந்தலிலேயே கேட்பார். முறைக்காரன் வந்து நின்று, இந்தப் பெண் எனக்குத்தான், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குமேல் தாலி கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. சபையே எழுந்து போய்விடும். அருணகிரி அந்த வார்த்தையைச் சொல்லுவான் என்பது ஊருக்கே தெரியும். அவனுக்கும் அவளுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த பிரியமும் ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்தது பெரியப்பா ஒருத்தர்தான்.

அப்பன் இல்லாத பையன், நாலு ஏக்கர் மேட்டாங்காட்டில் வானம் பார்த்துக் கடலைக்காய் போடுகிறவன், அம்மா சின்னாயியும் ரெண்டு மாடும்தான் அவன் குடும்பம். ரிக் வண்டிக்காரன் பக்கத்தில் அவனை நிறுத்திப் பார்த்தால் பெரியப்பாவுக்குக் கண் கூசாதா?

"சனிக்கிழமை வெடியால அவனைக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிரு சாமி" என்றார் பெரியப்பா. "நம்ம காரையே எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை பொளுது சாய வந்தாப் போதும். இனிமே புதங்கிழமைத் தண்ணியும் உன்ற காட்டுக்குத்தான்."

சரிங்க பெரீப்பா என்றேன். ஒரு நாள் தவணை கேட்டிருக்கலாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது இழுத்திருக்கலாம். யோசிக்காமல் சரி என்ற அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அருணகிரியும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. என் கல்யாணத்துக்கு மூன்று நாள் விறகு பிளந்து, உள்ளங்கை கொப்புளித்து, பந்தியில் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி வாங்கிச் சாப்பிட்டவன். அவனை வாரத்தில் ஒரு நாள் தண்ணீருக்கு விற்றேன். அது விலைதானா என்று யாராவது கேட்டால், அந்த வருசக் கரும்பைப் பார்த்தவனுக்கு அது பெரிய விலைதான் என்று சொல்லுவேன். இப்படிச் சொல்லிக்கொள்வதுகூட ஒரு கேவலம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் ரூமில் ஃப்யூஸ் போட்டுக்கொண்டிருந்தேன். தலையில் சோளத்தட்டுக் கட்டோடு சௌந்திரம் வந்தாள். கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாசலில் நின்றாள். எனக்குத் தங்கை முறை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் தோளில் உட்கார்ந்து கோயில் நோம்பிக்கு வந்தவள். நாலு நாளாக வீட்டை விட்டு வெளியே விடவில்லை போல, முகம் வெளுத்துக் கிடந்தது.

"அண்ணா, எங்கப்பா என்னையக் கேக்காமயே முடிச்சுட்டாரு. எங்கத்தை மகனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எப்படியாச்சும் சொல்லீருங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை வந்து பந்தல்ல அந்த ஒரு வார்த்தையச் சொன்னாப் போதும். அதுக்கக்கட்ட நான் பாத்துக்கறேன். சொல்லீருவீங்கல்ல?"

"சொல்லீர்றேன் சாமி. நீ தெகிரியமாப் போ" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஊரில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அந்தச் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். நம்பிக்கைக்கு ஆள் தேடி என்னிடம் வந்தாள் பார், அவள் தலையெழுத்து.

சனிக்கிழமை காலை அஞ்சு மணிக்கே அருணகிரி ரோட்டுக்கு வந்து நின்றுகொண்டிருந்தான். சலவைச் சட்டை, புது வேட்டி, தோளில் ஒரு துண்டு. பெரியப்பா காருக்கு என்ஜின் வேலை பார்த்திருக்கிறார், ஏற்றத்தில் இழுக்கிறதா என்று மலைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார், அப்படியே ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவை மெதுவாகச் சாத்தினான். கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். சீட்டைத் தடவிப் பார்த்தான்.

"மாமன் தெரிஞ்சுதான குடுத்தாரு, நானும் வாரேன்னு?" என்று கேட்டான்.

தெரிந்துதான் கொடுத்தார் என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை. அவன் முகம் மலர்ந்த விதத்தைச் சொல்லி முடியாது. ரெண்டு வருசமாக அவனை நேரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மாமன், தன் காரில் அவனை ஏற்றி மலைக்கு அனுப்புகிறார். மாமன் மனசு இளகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான். ரெண்டு நாளும் அவன் அந்தச் சந்தோசத்திலேயே இருந்தான்.

ஆட்டையாம்பட்டியில் வேலுசாமி ஏறினான். தறி போட்டிருந்தவன், எங்கள் ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அவனிடம் மட்டும் விசயத்தை முன்னமே சொல்லியிருந்தேன். பாவம்டா என்றான், ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு பெரிய பொட்டலம் முறுக்கோடு பின்சீட்டில் உட்கார்ந்தவன், சேலம் தாண்டும் வரை முறுக்கைக் கடித்துக்கொண்டே வந்தான். வாய் சும்மா இருந்தால் ஏதாவது உளறிவிடுவோம் என்கிற பயம்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலையடிவாரத்துக் கடையில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். டீ குடித்தோம். வாந்தி வரும் என்று யாரோ சொன்னதை நம்பி அருணகிரி மூன்று எலுமிச்சம்பழம் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தான். மேலே ஏற ஏற, ஒவ்வொரு வளைவிலும் நட்டிருந்த பலகையை எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு வந்தான். கீழே வெள்ளைக்கல் வெட்டுகிற குன்று வெயிலில் பளபளத்ததைப் பார்த்து, பனி கொட்டியிருக்கிறதா என்று கேட்டான். வேலுசாமி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவனைப் போகிற வழியெல்லாம் கேலி செய்துகொண்டுதான் போனோம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்கே அந்தப் பயணம் நன்றாகத்தான் இருந்தது.

மேலே ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன லாட்ஜில் ரூம் எடுத்தோம். படகில் போனோம். வைகாசி வெயிலில் கீழே சனங்கள் வெந்துகொண்டிருக்க, அங்கே தண்ணீர்மேல் குளிர்ந்த காற்று. அருணகிரி கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டே வந்தான். இவ்வளவு தண்ணீரைச் சும்மா வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறார்களே என்று ஆறாமல் சொன்னான். பிறகு சௌந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஆவணியில் பெண் கேட்கலாம் என்று இருக்கிறானாம். அம்மா போய்க் கேட்டால் அண்ணன் தங்கைக்குள் சண்டை வந்துவிடும், நீ அவளுக்கு அண்ணன் முறை, பங்காளி, வெற்றிலைத் தட்டத்தை நீதான் எடுத்துக்கொண்டு போய் மாமனிடம் வைக்க வேண்டும் என்றான். வேலுசாமி துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டுக் கரையைப் பார்த்தான்.

ஆகட்டும் மாப்ள, நானே கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வில்லங்கம் வந்தது. அருணகிரிக்குத் திடீரென்று மாட்டு ஞாபகம் வந்துவிட்டது. சினை மாடு, இன்றோ நாளையோ போடும், அம்மா ஒண்டியாக என்ன செய்வாள், பார்த்தது போதும், இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடலாம் என்று ஆரம்பித்தான். அங்கே அவன் அம்மா வீட்டிலேயே இருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வா என்று அந்நேரத்துக்கு அவள் அண்ணன் வேன் வைத்துக் கூட்டிப் போயிருப்பார். அருணகிரி போய் இறங்கினால் பூட்டின வீட்டைப் பார்ப்பான், பக்கத்துக் காட்டில் விசாரிப்பான், ராத்திரியோடு ராத்திரியாகப் பந்தலுக்கே போய்விடுவான்.

சரி, வண்டியை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு முன்னால் போனேன். பானெட்டைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியைத் திரும்ப மாட்டினேன். கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாமல் எந்தப் பெட்ரோல் வண்டியும் கிளம்பாது. அப்புறம் ஸ்டார்ட் செய்து செய்து பார்த்தேன். அருணகிரி பின்னால் நின்று ஏரிக்கரை முழுக்கத் தள்ளினான். புது வேட்டியெல்லாம் புழுதியும் சேறும். வேலுசாமி கூடவே தள்ளுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு வந்தான். மெக்கானிக்கைப் பார்க்கிறேன் என்று நான் போய்ச் சுற்றிவிட்டு வருவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. நாளைக் காலை ஒன்பது மணிக்குத்தான் ஆள் வருவான் என்றேன்.

காலையில் முதல் பஸ் ஆறு மணிக்கு. அதில் அவன் போய்விட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை போனான். நானும் கூடவே போனேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியில் ஒரு காலை வைத்தவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"மாமன் காரு. உன்னைய நடுமலையில உட்டுட்டு நான் மட்டும் போனா நல்லாவா இருக்குது" என்று சொல்லிவிட்டுக் காலை இறக்கிக்கொண்டான். பஸ் போய்விட்டது.

அப்போது சொல்லியிருக்கலாம். ஆறு மணி. ஓடிப்போய்க் குறுக்குப் பாதையில் பஸ்ஸை மறித்திருக்கலாம், ரோட்டரை மாட்டிக் காரை விரட்டியிருந்தால் ரெண்டரை மணி நேரத்தில் பந்தலுக்குப் போயிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். திறந்து, டீ குடிக்கலாம் வா என்றேன்.

ஏழரை மணிக்கு லேடீஸ் சீட் என்கிற முனைக்கு நடந்து போனோம். அங்கிருந்து பார்த்தால் சேலம் மொத்தமும் காலடியில் கிடக்கும். அதற்கும் அப்பால் காடும் மேடுமாக ஒரே புழுதி நிறம். எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று அருணகிரி கேட்டான். தெற்கே கையைக் காட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் திக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். கையில் கடிகாரம் கட்டியிருந்தது நான் ஒருத்தன்தான். வேலுசாமி என் பக்கம் திரும்பி மணி என்ன என்று கண்ணாலேயே கேட்டான். எட்டு பத்து. அருமைக்காரர் வெற்றிலைத் தட்டத்தைக் கையில் எடுத்திருப்பார் என்று நினைத்தேன்.

அருணகிரி தெற்கிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, கல்யாணம் முடிந்ததும் அவளை இங்கே ஒரு தடவை கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றான். அப்போதும் நீதான் காரோட்ட வேண்டும் என்றான். வேலுசாமி தூரமாகப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். ஒன்பதடிக்கும் வரை நாங்கள் அங்கேயேதான் இருந்தோம்.

ஒன்பதே காலுக்குப் போய் ரோட்டரை மாட்டினேன். ஒரே தட்டில் வண்டி பிடித்துக்கொண்டது. என் கைராசியைப் பற்றி இறங்குகிற வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான் அருணகிரி.

வேலுசாமி ஆட்டையாம்பட்டியில் இறங்கி, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான். அருணகிரி வீட்டு வாசலில் கார் நின்றபோது மத்தியானம் ஆகியிருந்தது. சின்னாயி பட்டுச்சேலையை இன்னும் மாற்றாமல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உனக்குச் சம்மதம் என்றால் அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றாள். எதுக்குச் சம்மதம் என்று அவன் கேட்டான். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

பந்தலில் அருமைக்காரர் முறைமாப்பிள்ளை எங்கே என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா எழுந்து, பையன் மனசார விட்டுக்கொடுத்துவிட்டான், என் காரைத்தான் வாங்கிக்கொண்டு கூட்டாளிகளோடு ஏற்காட்டுக்குப் போயிருக்கிறான், வேண்டுமானால் ஆளனுப்பிப் பாருங்கள் என்று சபையில் சொல்லியிருக்கிறார். மகனுக்குப் பதிலாகச் சின்னாயியிடம் தட்டத்தை நீட்டியிருக்கிறார்கள். அண்ணன் சொன்னதை நம்பி அவளும் வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். என்னையும் இந்தப் பயணத்தையும் பெரியப்பா எதற்கு வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவனை மறைத்து வைக்க அல்ல, சாட்சிக்கு. அவனை ஏற்றிக்கொண்டு கார் போனதை ஊரே பார்த்திருந்தது.

சௌந்திரம் என்ன செய்தாள் என்பதை என் வீட்டுக்காரி நல்லம்மாள்தான் பிறகு சொன்னாள். மணையில் உட்கார்ந்தும் தலையைக் குனியாமல் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். காரைப் பற்றி அப்பன் சொன்னபோது என் அண்ணன் வருவார், கேளுங்கள் என்று மட்டும் முனகினாளாம். எந்த அண்ணனைச் சொல்லுகிறாள் என்று நல்லம்மாளுக்கு விளங்கவில்லை. அத்தைக்காரி வெற்றிலையை எடுத்த பிறகு தலையைக் குனிந்தவள் அப்புறம் நிமிரவே இல்லையாம்.

அருணகிரி வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"அந்தச் சென்னியாண்டவன் மேல ஆணையா எனக்குத் தெரியாது மாப்ள" என்றேன்.

நம்பினான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என் தோளில் நெற்றியை வைத்து அழுதான். உன்னையும் சேர்த்து ஏமாற்றிவிட்டார் பார் என்று எனக்காகவும் வருத்தப்பட்டான். கூட இருந்து குழி பறிப்பது என்று பேச்சுக்குச் சொல்வோம். பறித்த குழிக்குள் விழுந்தவனே என் கைத் தூசியைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது.

பத்து நாள் அவன் வெளியே வரவில்லை. பதினோராவது நாள் புதன்கிழமை. பெரியப்பா வாக்குத் தவறவில்லை, என் காட்டுக்குத் தண்ணீர் விட்டிருந்தார். நான் மண்வெட்டியோடு கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தேன். வரப்பு வழியே அருணகிரி வந்தான். தாடியும் கசங்கின சட்டையுமாக வந்து வாய்க்கால் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிணற்றின் தண்ணீர்முறை அவனுக்கும் தெரியும். சின்ன வயதில் மாமன் காட்டில் மடை கட்டி வளர்ந்தவன்தானே.

"இன்னைக்கு புதங்கிழமையல்லொ" என்றான் மெதுவாக.

தண்ணீர் ஒரு பாத்தி நிறைந்து வழிந்தது. அவன் எழுந்து வந்து என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினான். அந்த மடையை அடைத்து அடுத்த மடையைத் திறந்தான். மிச்சமிருந்த பதினாலு பாத்திக்கும் அவனே தண்ணீர் கட்டினான். என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. கிணறு வற்றி மோட்டார் நின்றதும் மண்வெட்டியைக் கழுவி வரப்பில் சாத்திவிட்டு வந்த வழியே போனான். கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

மறுநாள் விடிந்து சின்னாயி மாட்டுக்குத் தட்டுப் போடப் போனபோது கொட்டாயில் கிடந்தான். பக்கத்தில் பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பா. சேலத்துக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

எடுக்கிற அன்றைக்குச் சௌந்திரம் வந்தாள். புருசன் வீட்டுக் காரில், புதுத்தாலி மஞ்சள் மாறாமல். புருசன் காரை விட்டு இறங்கி ஆண்கள் பக்கம் நின்றான். அவள் நேராகப் போய்ச் சின்னாயியைக் கட்டிக்கொண்டு பெண்கள் வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுத அழுகை பந்தலுக்கு வெளியே பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வட்டத்தை விட்டு எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, நான் சொல்லியுட்டத அவருகிட்டச் சொன்னீங்களா?"

பத்தடி தள்ளிக் கட்டிலில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார். இல்லை சாமி, நான் சொல்லவே இல்லை, அவனுக்குக் கடைசி வரைக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தால் பறந்து வந்திருப்பான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இந்தப் பிள்ளை இனி அந்த வீட்டில் எப்படி வாழும், செத்தவன் செத்துவிட்டான், இருக்கிறவளாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்று ஒரு நியாயம் தோன்றியது. நல்ல நியாயம்தான். ஆனால் அதற்காக நான் பொய் சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன். அவள் முகத்துக்கு நேராக அந்த உண்மையைச் சொல்ல எனக்கு முதுகெலும்பு இல்லை.

"வெள்ளிக்கிழமையே சொல்லீட்டேன் சாமி" என்றேன்.

"சொல்லியுமா மலைக்கு வந்தாரு?"

"ஆமா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். திரும்பவும் பெண்கள் பக்கம் போகவில்லை. வா அம்மிணி, வந்து உன்ற மாமனுக்கு ஒரு வாய்க்கரிசி போடு என்று சின்னாயி ரெண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டாள்.

"நாங்க கெளம்பறமுங்கத்தை. அவருக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுச் சௌந்திரம் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.